பொற்கொல்லர் பட்டறையும் மன ஒருமையும் – ஒரு வரலாற்று நோக்கு

ஐம்பெருங்காப்பியங்கள் என்று நாம் போற்றும் ஐந்து நூல்களின் பெயர்களிலும் அணிகலனோ மணியோ இடம்பெற்றிருப்பதை மேடைதோறும் எடுத்துரைத்து மகிழ்கின்றோம். சிலம்பு, மேகலை, சிந்தாமணி, வளை, குண்டலம் என அவற்றை வரிசைப்படுத்தித் தமிழன்னைக்கு அணிவித்துப் பார்த்த புலவர்களும் உண்டு. ஆயினும், அந்தச் சிலம்பின் வாயைப் பற்றவைத்தவன் எங்கே அமர்ந்திருந்தான்? எந்த வெளிச்சத்தில் அதன் பரலைப் பெய்தான்? அவன் கை நடுங்காதிருக்க அவனைச் சூழ்ந்த இடம் எவ்வாறு அமைந்திருந்தது? இவ்வினாக்களை நாம் எழுப்புவதில்லை. நகை நம் இலக்கியத்தில் நிறைந்திருக்கிறது, பட்டறை இல்லை. நம் இலக்கிய வட்டம் பத்தாம் ஆண்டை நிறைவு செய்யும் இவ்வேளையில், எழுத்தைத் தொழிலாகவும் தவமாகவும் கொண்ட நண்பர்கள் முன், மற்றொரு நுண்தொழிலின் இருப்பிடத்தைப் பற்றிச் சில செய்திகளை வைக்க விழைகின்றேன்.

பட்டறையைப் பற்றிய மௌனம் பொற்கொல்லனுக்கு நன்மை செய்யவில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன் சந்திக்கும் பொற்கொல்லன் நுண்வினைக் கொல்லர் நூற்றுவர் பின்தொடர வருகின்றான். அரண்மனைக்கு அணித்தே அவனுடைய சிறுகுடில் இருக்கிறது. ஆனால் அக்குடிலின் உள்ளே காப்பியம் நம்மை அழைத்துச் செல்வதில்லை. அவன் வஞ்சத்தை அறிகின்றோம், வேலையை அறியவில்லை. பின்னர்க் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பத்தினிக்குப் பலியிட்டான் என்று உரைபெறு கட்டுரை கூறுகிறது. ஒருவன் செய்த வஞ்சத்திற்கு ஆயிரவர் தலை! காப்பிய நீதியைப் பேசும் நாம் இவ்விடத்தை விரைந்து கடந்து விடுகின்றோம். அவ்வாயிரவரும் ஏதோ ஒரு காலைப்பொழுதில் தத்தம் உலையின் முன் அமர்ந்து வேலையில் ஆழ்ந்திருந்தவர்களே என்று எண்ணிப் பார்க்கும்போதுதான், பட்டறையின் வரலாறு வெறும் கருவிகளின் பட்டியல் அன்று என்பது புலனாகும்.

கல்லில் நின்ற பெயர்கள்

காப்பியம் சொல்லாததைக் கல் ஓரளவு சொல்கிறது. மதுரையை அடுத்த அழகர்மலைக் குகையில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் மதுரைப் பொற்கொல்லன் ஒருவனின் பெயர் கொடையாளர் வரிசையில் காணப்படுகிறது. புகழூர்க் கல்வெட்டு கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவனைக் குறிப்பிடுகிறது. கொங்கு நாட்டில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் நிகழ்த்திய அகழாய்வுகளில் பச்சைக்கல், நீலக்கல், பளிங்கு, சூதுபவளம் முதலிய கற்களில் மணி செய்த தொழிற்கூடங்களின் தடயங்கள் வெளிப்பட்டன. முற்றுப்பெற்ற மணிகளோடு, பாதி உருட்டியவையும் துளையிடப்படாதவையும் கிடைத்தமையால், அங்கே மணிகள் செய்யவே பட்டன என்பது உறுதியாயிற்று.

இவை எல்லாவற்றையும் விட நெஞ்சைத் தொடுவது கடல் கடந்து கிடைத்த ஒரு சிறு கல்லாகும். தாய்லாந்தின் தென்பகுதியில், கிராபி மாநிலத்துக் குலோங் தொம் என்னுமிடத்தில், உரைகல் ஒன்று கிடைத்தது. அதில் அது பெரும்பத்தனுடைய கல் என்று பொருள்படும்படி தமிழ்ப் பிராமியில் பொறிக்கப்பட்டுள்ளது. அதன் காலம் கி.பி. மூன்று, நான்காம் நூற்றாண்டு என அறிஞர் கணித்துள்ளனர். இன்றும் தமிழகத்தின் பல ஊர்களிலும் ஈழத்திலும் பொற்கொல்லரைப் ‘பத்தர்’ என்றே அழைக்கின்றனர். அன்னிய மண்ணில், அறியாத மொழியினர் நடுவே அமர்ந்து வேலை செய்த ஒரு தமிழ்ப் பத்தன், தன் கருவி பிறர் கைக்குப் போய்விடாதபடி அதில் தன் பெயரை வெட்டி வைத்திருக்கின்றான். தன் இடம், தன் கருவி, அவை வைத்த இடத்தில் இருத்தல்: மன ஒருமைக்கு முதற்படி இதுவே என்பதை எழுதுகோலும் தாளும் கொண்டு அமர்வோர் எளிதில் உணர்வர்.

இருளும் ஒளியும்

பொற்கொல்லரின் பட்டறை இருண்டது, புகை படிந்தது, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது என்பது ஊரார் நெடுநாளாகச் சொல்லிவந்த குறை. அவ்விருளுக்குத் தொழில் சார்ந்த காரணம் உண்டு. பொன்னைத் தட்டும்போது அது இறுகிவிடும். மீண்டும் இளக்குவதற்குக் காய்ச்ச வேண்டும். தூய பொன் 1,064 பாகை செல்சியசில் உருகும். செம்பு கலந்த பொன் அதற்கும் குறைந்த வெப்பத்தில் உருகிவிடும். பற்றவைக்கப் பயன்படும் பொடி, நகை உருகும் நிலைக்குச் சற்றுக் கீழே உருகி ஓட வேண்டும். அந்தச் சிறு இடைவெளியில் தீயை நிறுத்தத் தவறினால் பல நாள் உழைப்பு ஒரு நொடியில் உருண்டையாகிவிடும். வெப்பமானி இல்லாத காலத்தில் அவ்விடைவெளியைக் காட்டியது பொன்னில் படரும் செந்நிறமே. பட்டப்பகல் வெளிச்சத்தில் அந்நிறத்தின் தொடக்கம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே உலைக்கு இருள் மூலை தேவை.

ஆனால் கல் பதிப்பதற்கும், கம்பி முறுக்குவதற்கும், செதுக்குவதற்கும் நிறைந்த வெளிச்சம் தேவை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் அளித்த அணிகலன்களைக் கூறும் கல்வெட்டுகளைப் படித்தோர் இதனை அறிவர். முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, சக்கத்து, கறடு, இரட்டைமுத்து என வகை பிரித்து எண்ணியிருக்கின்றனர். அவற்றின் நீரோட்டத்தின் நிறத்தையும் குறித்திருக்கின்றனர். பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும், நகைகளைத் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுத்தனர். எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி எனச் சொல்லப்படுகிறது. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு; இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. குன்றிமணி ஒன்றின் எடை ஏறத்தாழ ஒரு கிராமில் எட்டில் ஒரு பங்கே. அந்நுட்பத்தில் நிறுப்பதற்கும், முத்தின் நீரோட்டத்தைப் பார்த்துச் சொல்வதற்கும் நிழல் விழாத ஒளியும் காற்றடங்கிய இடமும் வேண்டும். அக்கோயிலின் பணியாளர் வரிசையில் ‘இரத்தினத் தையான்’ ஒருவனும் இடம்பெறுகின்றான் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

எனவே ஒரே அறைக்குள் இருளும் ஒளியும் வேண்டும். உட்புறம் உலையும், தெருவை நோக்கிய பக்கம் பணிப்பலகையும் வைத்து, இச்சிக்கலை மரபுப் பட்டறை தீர்த்துக்கொண்டது. இக்காலத்து ஐரோப்பிய ஒளியமைப்பு நெறிகள் அலுவலகத்தில் எழுதவும் படிக்கவும் 500 லக்ஸ் ஒளி போதும் என்கின்றன. நகை செய்வதற்கு 1,000 லக்சும், மணிக்கல் வேலைக்கு 1,500 லக்சும் வேண்டும் என வகுக்கின்றன. எழுதுபவனுக்கு வேண்டியதைப் போல் மூன்று மடங்கு! எண்ணெய் விளக்கை நம்பியிருந்த நம் முன்னோர், கல் பதிக்கும் வேலையைப் பகற்பொழுதுக்கு ஒதுக்கியது ஏன் என்பது இதனால் விளங்கும்.

மூச்சும் காற்றும்

பொற்கொல்லரின் ஒருமைக்கு இரண்டாவது தேவை காற்றின் அடக்கம். மரபுப் பட்டறையில் விளக்குச் சுடரை ஊதுகுழலால் வளைத்து, மயிரிழை போன்ற தீநாக்காக்கி, வேண்டிய ஓரிடத்தில் மட்டும் படச் செய்வர். ஊத்து இடையில் அறுபடலாகாது. கன்னத்தில் காற்றை நிறுத்தி அதை வெளியே தள்ளும்போதே மூக்கால் மூச்சை உள்வாங்கும் பயிற்சி இதற்கு வேண்டும். நாகசுரக் கலைஞரின் மூச்சுப் பயிற்சியும் இதுவே. அங்கே அறுபடாத மூச்சு இசையாகிறது, இங்கே பற்றவைப்பாகிறது. ஊதும் நேரத்தில் பேச இயலாது, தும்ம இயலாது, அழைத்தவர்க்குத் திரும்பிப் பார்க்கவும் இயலாது.

சன்னலில் இருந்து வரும் சிறு காற்றும் சுடரைச் சாய்த்துவிடும். அரத்தால் இராவிய பொன் தூளை அடித்துச் சென்றுவிடும். அதனாலேயே, மின்விசிறி வந்த பிறகும் சித்திரை வெயிலில் வியர்வை வழிய விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்யும் பத்தர்களை நம்மிற் பலர் பார்த்திருக்கின்றோம். வெக்கையா, காற்றா என்னும் இத்தேர்வில் உடல் எப்போதும் தோற்கிறது, வேலை வெல்கிறது.

பறந்துபோன தூளுக்கு நம் மொழியில் ஒரு சொல் இருக்கிறது: சேதாரம். இன்று நகைக்கடையில் விலையோடு சேரும் ஒரு கணக்காக மட்டுமே அச்சொல்லை அறிவோம். அதன் வேர் பட்டறையின் தரையில் இருக்கிறது. இராவும்போதும், உருக்கும்போதும், மெருகிடும்போதும் பொன் சிறிது குறைந்தே தீரும். தரை வழுவழுப்பாக, வெடிப்பின்றி இருந்தால் குறைவு சிறிது; மண்தரை பெயர்ந்திருந்தால் குறைவு பெரிது. பொற்கொல்லர் தெருவின் குப்பையை விலைக்கு வாங்கி, நீரில் அலசி, பொன் எடுத்துப் பிழைத்தவர்கள் இருந்தனர் என்றால் நிலைமையை உணரலாம். இடத்தின் குறையால் நேர்ந்த இழப்பை ஊர் மனிதனின் குறையாக எழுதிக்கொண்டது. ‘தட்டான் தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான்’ என்னும் பழமொழி அவ்வாறு ஊன்றியது. பொய்யர் எத்தொழிலிலும் உண்டு; ஆயினும் ஒரு தொழிலினர் அனைவர் மீதும் பழமொழியால் தீர்ப்பெழுதிவிட்டால் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

அப்பழமொழியின் விளைவு பணியிடத்தையே மாற்றியது. வசதி படைத்த வீட்டார் பொற்கொல்லரைத் தம் வீட்டுக்கு வரவழைத்து, திண்ணையிலோ முற்றத்திலோ அமர்த்தி, வீட்டுப் பெரியவர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து கண் அகலாது பார்த்திருக்க, நகை செய்வித்துக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. தனக்குப் பழகிய உலையும் ஒளியும் இன்றி, ஐயத்தோடு நோக்கும் கண்களின் கீழ், அவன் தாலிக்குப் பொன்னுருக்கினான். பாகவத புராணத்தின் பதினோராம் கந்தத்தில் அவதூதர் தம் குருமார் இருபத்து நால்வரைக் கூறுமிடத்தில் அம்பு செய்யும் கம்மியன் ஒருவனும் வருகின்றான். அரசன் ஆரவாரத்தோடு அருகே கடந்து சென்றதையும் அறியாமல் வேலையில் ஆழ்ந்திருந்தவன் அவன். மன ஒருமைக்கு எடுத்துக்காட்டாக அவனைப் போற்றுகின்றோம். ஆனால் அந்த அரசன் கடந்து போய்விட்டான் என்பதையும் கருத வேண்டும். எதிரிலேயே உட்கார்ந்து, கைகளையே பார்த்துக்கொண்டிருந்தானானால் அந்தக் கம்மியனின் ஒருமை என்ன ஆகியிருக்கும்?

சாந்து பூசும் உரிமை

பணியிடம் என்பது வசதி பற்றியது மட்டும் அன்று, உரிமை பற்றியதும் ஆகும் என்பதற்குக் கொங்கு நாட்டுக் கல்வெட்டு ஒன்று சான்று. கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டப்பெயரோடு அரசன் ஒருவன் வெங்கால நாட்டுக் கம்மாளர்க்குப் பிறப்பித்த ஆணை கரூரில் உள்ளது. தட்டார், கொல்லர், கன்னார், தச்சர், சிற்பியர் ஆகிய ஐந்தொழிலாளரே கம்மாளர் எனப்பட்டனர். தன் பதினைந்தாம் ஆட்சியாண்டு ஆடி மாதம் முதல் அவர்கள் தம் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே செல்லும்போது செருப்பு அணியலாம், வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்பது ஆணையின் சாரம்.

ஆணையிட்டு அளித்தார்கள் என்றால் அதற்கு முன் அவ்வுரிமை இல்லை என்பதே பொருள். சாந்து பூசாத சுவர் உதிரும், வெளிச்சத்தை விழுங்கும், வெடிப்பில் தூள் புகும். பட்டறையும் வீடும் ஒன்றாய் இருந்த ஒருவனுக்கு வெண்மையான சுவர் ஒரு விளக்குக்குச் சமம். அரசர்க்கு மணிமுடி செய்தவன் தன் சுவருக்குச் சாந்து பூச அரசாணைக்குக் காத்திருந்தான். அவன் செலுத்த வேண்டிய வரியோ ‘தட்டார்ப்பாட்டம்’ என்னும் பெயரோடு சாசனங்களில் இடம்பெற்று வந்தது.

பிற நாட்டுச் செய்தி ஒன்றையும் ஒப்பு நோக்குவது தகும். பாரிசு நகரில் ஏறத்தாழ 1268-இல் எத்தியேன் புவாலோ தொகுத்த ‘தொழில்களின் நூல்’ பொற்கொல்லர் இரவில் வேலை செய்யலாகாது என்று விதித்தது. அரசன், அரசி, அவர்தம் மக்கள், உடன்பிறந்தார், பாரிசு ஆயர் ஆகியோருக்கான வேலைக்கு மட்டுமே விலக்கு. இரவு வெளிச்சம் நல்ல வேலைக்குப் போதாது என்னும் காரணம் அந்நூலில் வேறு சில தொழில்களுக்கு வெளிப்படையாகவே சொல்லப்படுகிறது. எத்தியேன் தெலோன் 1576-இல் செதுக்கிய பொற்கொல்லர் பட்டறைப் படங்களில் பெரிய சன்னலை ஒட்டிப் பணிமேசையும், விழும் தூளைத் தாங்கத் தொழிலாளர் மடிமீது விரித்த தோலும் காணப்படுகின்றன. சேதாரத்தைக் குறைக்க அங்கே தோல் விரித்தனர். இங்கே எதிரில் ஆளை உட்கார வைத்தனர். இவ்வேறுபாடு சிந்திக்கத்தக்கது. அங்கும் ஐயம் இல்லாமல் இல்லை. எனினும் தொழிலின் தரம் இடத்தின் தரத்தைச் சார்ந்தது என்பதைச் சட்டமாக எழுதி வைத்தனர்.

1963

நம் காலத்துப் பொற்கொல்லரின் நினைவில் ஆறாத வடுவாக நிற்பது 1963 சனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாடு. சீனப் படையெடுப்பை அடுத்து, அந்நியச் செலாவணியைக் காக்கவும் கடத்தலைத் தடுக்கவும் எனக் கூறி, நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த ஆணைப்படி 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதிய நகை செய்யலாகாது என்றாயிற்று. 24 பங்கில் 14 பங்கே பொன். மீதி பிற உலோகம். நம் கம்மியரின் கை 22 காரட் பொன்னின் மென்மைக்குப் பழகியது. 14 காரட் இறுகியது, தீயில் கறுப்பது, அதற்குரிய சூடு வேறு, பொடி வேறு, சுத்தியலின் அடி வேறு. தலைமுறைகளாகக் கண்ணும் கையும் கற்றிருந்த செந்நிறப் பாடம் ஓர் ஆணையால் பயனற்றுப் போயிற்று. அத்தகைய நகையை வாங்குவாரும் இல்லை. உலைகள் அவிந்தன. பலர் கூலி வேலைக்குப் போயினர். சிலர் உயிரையும் மாய்த்துக்கொண்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் பழைய நகையை அதே தூய்மையில் மாற்றிச் செய்யத் தளர்வு வந்தது. 1966-இல் 14 காரட் விதி நீங்கியது. ஆயினும் 1968-இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம், சான்றிதழ், கணக்கேடு, சோதனை என்னும் வடிவில் 1990 வரை நீடித்தது.

இச்சட்டத்தின் பொருளாதார நியாயங்களை ஆய்வோர் ஆய்க. நம் பொருளுக்கு வேண்டியது ஒன்றே: சோதனைக்கு எப்போது யார் வருவர் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே ஊதுகுழலை வாயில் வைக்க இயலாது. அச்சமும் ஒருமையும் ஓரிடத்தில் உட்காரா.

இன்று

கோவையிலும் சென்னையிலும் இன்று நகைத்தொழில் வேறு உருவம் கொண்டுள்ளது. கணினியில் வரைந்து, மெழுகில் வார்த்து, வாயுச் சுடராலும் லேசர்க் கதிராலும் பற்றவைக்கின்றனர். வங்கத்திலிருந்து வந்த கைவினைஞர் பலர் நம் ஊர்களில் அமர்ந்து வேலை செய்கின்றனர். கிராபியில் அமர்ந்திருந்த பெரும்பத்தனை அவர்கள் நினைவூட்டுகின்றனர். 2021 முதல் தரமுத்திரை பல மாவட்டங்களில் கட்டாயமாக்கப்பட்டுப் படிப்படியாக விரிந்ததால், தூய்மை பற்றிய பழைய ஐயத்தைத் தீர்க்கக் கருவிகள் வந்துவிட்டன.

இடத்தின் குறைகள் மட்டும் உருமாறித் தொடர்கின்றன. கே.டி.எம். நகை என்று விளம்பரம் செய்யப்பட்ட காலத்தில், அப்பெயருக்குக் காரணமான காட்மியம் பற்றுப் பொடியில் கலக்கப்பட்டது. காட்மியம் 767 பாகையிலேயே ஆவியாகும். பொன் வேலையின் சூட்டில் அது புகையாகி, குனிந்து பார்ப்பவனின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். களவுக்கு அஞ்சிச் சன்னலை அடைத்த அறைகளில் அப்புகை வெளியேற வழியில்லை. திண்ணையில் எதிரே அமர்ந்திருந்த பெரியவரின் இடத்தில் இன்று கூரையில் கண்காணிப்புப் படக்கருவி இருக்கிறது. அது கண் இமைப்பதும் இல்லை.

வரலாறு நமக்குக் காட்டுவது இதுதான். பொற்கொல்லனின் ஒருமை அவன் பிறப்போடு வந்த வரமன்று, தவவலிமையும் அன்று. இருளுக்கும் ஒளிக்கும் உரிய இடங்கள், அடங்கிய காற்று, வெடிப்பற்ற தரை, வைத்த இடத்தில் இருக்கும் கருவி, ஐயமின்றி நம்பும் மனிதர் ஆகியவற்றால் அது நாள்தோறும் ஆக்கப்படுவது. இவற்றை அளிக்காமல் அவனிடமிருந்து நுண்மையை மட்டும் எதிர்பார்த்த சமூகம், கிடைத்ததைப் புகழ்ந்து, குறைந்ததைத் திருட்டென்றது.

நம் வட்டத்துக் கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்த் தெருவில் எஞ்சியிருக்கும் பத்தர் ஒருவரின் பட்டறைக்குச் செல்லுங்கள். அவர் ஊதுகுழலைக் கீழே வைக்கும் வரை வாசலில் காத்திருங்கள். ஒளியை மறைக்காதபடி ஒதுங்கி உட்காருங்கள். சாமணம், குறடு, மூசை, வெங்காரம், கம்பியச்சு என அவர் சொல்லும் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றுட் பல இன்னும் ஒரு தலைமுறைக்குமேல் தங்கா. அடுத்த பத்தாண்டு மலரில் அச்சொற்கள் இடம்பெறட்டும். சிலம்பைப் பாடிய மொழி, சிலம்பு செய்த இடத்துக்குச் செலுத்த வேண்டிய கடன் இன்னும் நிலுவையில் உள்ளது.